பதினோரு ஜோடிக் கைகள்

மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து நான் வேலை செய்த ரப்பர் ஆலைக்கு நடந்தால் ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம்தான். மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் வாங்கியதற்கு, முன்னால் மூன்று வருஷம், அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அந்தத் தூரத்தை நடந்திருக்கிறேன். ஒரு நாள்கூட மணி அடித்த பிறகு உள்ளே நுழைந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆலைக்குச் சீனர் ஒருவர் முதலாளி. தவுக்கே என்று கூப்பிடுவோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலும், மரத்திலேயே ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலும் லாரியில் வந்து இறங்கும். பட்டையும் மண்ணும் ஒட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றத்தோடு வரும். அதைக் கத்தியால் துண்டு போட்டு, தொட்டியில் ஊறவைத்து, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் கொடுப்போம். மேலே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். நாலைந்து தடவை உள்ளே போய் வந்தால் அழுக்கெல்லாம் ஓடி, பால் சொரசொரப்பான துணி மாதிரி கீழே இறங்கும். உருளைக் கொட்டகையில் அப்படி மூன்று மெஷின். என்னோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். நான் அவர்களுக்கு மண்டோர். யார் எங்கே நிற்பது, யார் வெட்டுவது, யார் மடிப்பது என்று சொல்வது என் வேலை.

மெஷின் ஒவ்வொன்றிலும் வலது பக்கம் ஒரு நீளக் கம்பி உண்டு. அதைப் பிடித்து இழுத்தால் பெல்ட்டு நழுவி உருளை நின்றுவிடும். அந்தக் கம்பியைப் பற்றித்தான் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு அடிபட்டால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. தவுக்கே அதற்காக இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். வருஷா வருஷம் அவர் ஒரு தொகை கட்டுவார். யாருக்காவது அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு வருஷம் எங்கள் கொட்டகையில் அடுத்தடுத்து நாலைந்து பேருக்கு விரல் நசுங்கியது. மறுவருஷம் தவுக்கே கட்ட வேண்டிய தொகை ஏறிவிட்டது. அவர் கொட்டகைக்கு வந்து, ஈரத்தரையில் சப்பாத்தோடு நின்று, மலாயில் கத்தினார்.

"இன்சூரன்ஸ்காரன் இன்னொரு தடவ ஏத்துனான்னா இந்தக் கொட்டகைய மூடிருவேன்! கட்டிப்பால வாங்கி, அப்படியே கட்டிப்பாலாவே வித்துட்டுப் போறேன். மெஷினும் வேணாம், நீங்களும் வேணாம்!"

கத்தி முடித்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். வருஷம் முழுவதும் காயப் புத்தகத்தில் ஒரு காயமும் இல்லையென்றால் தீபாவளிக்கு எல்லோருக்கும் சேலை என்றார். காயப் புத்தகம் என்பது ஆலைக் கணக்கெழுதும் கிராணியின் மேசையில் கிடந்த ஒரு நீலநிற நோட்டு. அடிபட்டால் கிராணி அதில் எழுதி, இன்சூரன்ஸ் ஆபீசுக்குச் சொல்லி அனுப்புவார்.

சேலைக்காக இல்லாவிட்டாலும் சோற்றுக்காக நாங்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். காயமே படாமல் இருப்பது எங்கள் கையில் இல்லை. நோட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கையில்தானே இருந்தது?

அதற்கு வழி செய்தவள் நான். ஒரு டின்னில் காப்பித்தூளும், கிழித்த பழந்துணியும் வைத்திருந்தேன். யாருக்காவது வெட்டுப்பட்டால் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காப்பித்தூளை அப்பி இறுக்கிக் கட்டிவிடுவேன். கிராணி கேட்டால் ஒன்றுமில்லை என்போம். எட்டு மாதம் அந்த நோட்டு வெள்ளையாக இருந்தது. நான் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எங்களோடு வேலை செய்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள், இரண்டு பிள்ளைக்காரி, வாய் மூடாமல் பேசுவாள். ஒரு நாள் காலையில் அவளுடைய வலதுகை நடுவிரலும் மோதிர விரலும் உருளையில் நுனி கடிபட்டன. கையை இழுத்துக்கொண்டாள். ரத்தம் வந்தது, அதிகமில்லை. வழக்கம்போல நான் கட்டினேன்.

"அக்கா, எரியுதுக்கா."

"எரிஞ்சாத்தான் ஆறும். நாலு மாசம் பல்லக் கடி. தீபாவளி வந்துரும்."

"செவப்புச் சேலதான் எனக்கு. சொல்லி வெச்சிரு. பச்சை குடுத்தா நான் வாங்க மாட்டேன்."

அந்தக் கையோடு அழுக்குத் தண்ணீரில் ஐந்து நாள் வேலை செய்தாள். ஆறாம் நாள் அவள் கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. காய்ச்சலில் உளறினாள். அவள் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அவன்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது அவள் கட்டுப்போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"பயப்படாதக்கா. டாக்டரு கேட்டாரு. வீட்ல மீன் வெட்டுறப்ப கத்தி பட்டுச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் அவள் புருஷன் கேட்டான்.

"மீன் வெட்டுனாளாமே? எங்க வீட்ல அந்த வாரம் மீனே வாங்கலியே. நெஜத்தச் சொல்லுங்கக்கா. ஆலையில நடந்திருந்தா நஷ்ட ஈடு உண்டுன்றாங்க. ரெண்டு வெரலு இல்லாம இனி அவள யாரு வேலைக்கு வெப்பா?"

வீட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்றைக்கு நடந்த நடைதான் என் வாழ்க்கையிலேயே நீளமான நடை.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்களைக் கூட்டிச் சொன்னேன். இன்சூரன்ஸ்காரர் வருஷாந்திரப் பார்வைக்கு அந்த வாரம் வருகிறார். அவரிடம் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். கொட்டகையே கலகலத்துப் போனது.

"ஏன் மண்டோரக்கா, அவளுக்குப் போனது ரெண்டு வெரலு. நீ வாயத் தொறந்தா பத்துப் பேரு சோறு போவும்."

"இவ்ளோ நாளு மறைக்கச் சொன்னது யாரு? இப்ப மட்டும் அரிச்சந்திரி வேஷமா?"

அது சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்விதானே. நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டு எழுந்தேன். மூன்றாவது மெஷினில் நிற்கிறவள், நோன்யா என்று கூப்பிடுவோம், அவள் மட்டும் என் தோளில் தட்டினாள். அவள் எங்கள் தெருவுக்கு அடுத்தாற்போல் இருக்கிற மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். விபூதி பூசுவாள், கோயிலுக்குப் போவாள், ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் ஒரு மாதிரி மலாய்தான். "சக்காப் லா," என்றாள். சொல்லிவிடு என்று அர்த்தம்.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். நம்ம தமிழ் ஆள்தான். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை கறுத்துப் போயிருந்தது. கிராணியின் மேசையில் நீல நோட்டைப் புரட்டினார். தவுக்கே பக்கத்தில் பெருமையாக நின்றார்.

"எட்டு மாசமா ஒரு காயமும் இல்லியா?"

"தா அடா!" என்றார் தவுக்கே. இல்லவே இல்லையாம்.

இன்சூரன்ஸ்காரர் நோட்டை மூடினார். "பதினோரு பொம்பளைங்க, கத்தி, உருளை, வழுக்குத் தரை. கீறல்கூட இல்லன்னா, ஒண்ணு இங்க சாமி வேலை செய்யுது, இல்ல யாரோ மறைக்கிறீங்க."

நான் கதவோரம் நின்றிருந்தேன். உள்ளே போனேன்.

"மறைச்சது நான்தாங்கய்யா," என்றேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்த நாள், எந்த மெஷின், எந்த விரல் என்று சொன்னேன். நான்தான் கட்டினேன், நான்தான் வாயை மூடச் சொன்னேன், மீன் கத்தி பொய் என்றேன். இதையே மலாயில் தவுக்கேவுக்கும் திருப்பிச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. என்னை அப்போதே வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "மாத்தி லா," என்றார். செத்தோம் என்றார்.

இன்சூரன்ஸ்காரர் கோபப்படவில்லை. என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"ஏம்மா, மூணு வருஷமா ஒழுகுற கூரை நாலாவது வருஷமும் ஒழுகும்னுதான் யாரும் நெனப்பாங்க. எங்க கட்டணமும் அப்படித்தான். போன சில வருஷம் எவ்ளோ அடிபட்டுச்சுன்னு பாத்து, வரப்போற வருஷத்துக்குத் தொகை போடுறோம். நீங்க என்னா பண்றீங்க? கூரைய சரி பண்ணாம, ஒழுகுற தண்ணியப் புடிக்கிற வாளிய ஒளிச்சு வெக்கிறீங்க. ஒழுகறது நிக்குமா?"

"நிக்காதுங்க."

"அன்னிக்கே சொல்லி, ஊசி போட்டு, நாலு நாளு ஓய்வு குடுத்திருந்தா சின்னச் செலவோட போயிருக்கும். மறைச்சதுனால ரெண்டு வெரலு. இன்னொண்ணும் கேளு. எப்பவோ ஒரு தடவ பெரிய அடின்னா, போதாத காலம்னு நாங்களே கொஞ்சம் விட்டுக் குடுத்துப் பாப்போம். சின்னச் சின்னதா விடாம வந்துகிட்டே இருந்தா, அது காலம் இல்ல, பழக்கம். பழக்கத்துக்குத்தான் நாங்க பயப்படுவோம்."

அந்தப் பொம்பளைக்கு நஷ்ட ஈடு கிடைக்க எழுதி அனுப்புகிறேன், அதற்கு நீ சாட்சி என்றார். தவுக்கேயிடம் வேறு கணக்குப் பேசினார். புதுத் தொகை போட இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் காயம் எப்படி வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தினால், ஏற்ற வேண்டாம் என்று அவரே மேலிடத்தில் சொல்லிப் பார்ப்பாராம். நிறுத்தாவிட்டால் தவுக்கே கொட்டகையை மூடவேண்டியதுதான். "ஒரு கீறல் விடாம எழுதுங்க. பட்டதையும் எழுதுங்க, படப் பாத்துத் தப்பிச்சதையும் எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதச் சொன்னால் எழுதிவிட முடியுமா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பெயர் எழுதுவேன், எண் போடுவேன். கிராணியோ மழை வந்தால் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போய்க் கோடு போடாத பெரிய நோட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்து, நோட்டை விரித்து, இடது பக்கத்தில் இடது கை, வலது பக்கத்தில் வலது கை. கையைப் பதிய வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தேன். காயம் பட்டால் பட்ட இடத்தில் ஒரு புள்ளி. தப்பித்தால் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் தேதி எண். அவ்வளவுதான் என் எழுத்து.

"மண்டோரக்கா மார்கழிக் கோலத்த நோட்டுல போட ஆரம்பிச்சிட்டா!"

"அடியே, பூசணிப்பூ வெக்க மறந்துறாத!"

சிரிப்பார்கள். ஆனாலும் கீறல் பட்டால் ஓடி வந்து கையை நீட்டுவார்கள். காப்பித்தூள் டின்னைத் தூக்கிப் போட்டேன். மருந்துப் பெட்டி ஒன்றைத் தவுக்கே முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் போனது. புள்ளிகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு நோட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கத்தி வெட்டுகள் இடது கையில் அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தன. கத்தியை வலதுகையில் பிடிப்பதால் அது சரிதான். உருளை கடித்த புள்ளிகளும் வட்டங்களும் ஒவ்வொரு பக்கத்திலும் வலதுகை விரல் நுனியில், எறும்பு மொய்த்த மாதிரி. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. நோன்யாவின் பக்கம்.

நோன்யா இடதுகைக்காரி. எழுதுவதும் வெட்டுவதும் மெஷினில் பாலைத் தள்ளுவதும் இடதுகைதான். "பீச்சாங்கையால தள்ளுனா சோறு நிக்குமாடி" என்று நாங்கள் அவளைக் கேலி பண்ணாத நாள் இல்லை. அவளுக்குப் பாதி புரியும், பாதி புரியாது, சிரித்துக்கொள்வாள். அவளுக்குக் காயமே படாததைப் பார்த்து, ஏதோ தாயத்து கட்டியிருக்கிறாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

நான் போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடதுகை பாலைத் தள்ளுகிறது. வலதுகை சும்மா கம்பியின் மேலேயே கிடக்கிறது. பால் கொஞ்சம் சுருண்டால் போதும், கண் இமைப்பதற்குள் வலதுகை கம்பியை இழுத்துவிடுகிறது. பிறகு மற்ற மெஷினைப் பார்த்தேன். அங்கே வலதுகை தள்ளுகிறது. விரல் இழுபட்டால் இடதுகை உடம்பைத் தாண்டி, வலது தோளுக்குக் கீழே புகுந்து, கம்பியைத் தேட வேண்டும். தேடுவதற்குள் உருளை கடித்துவிடும்.

இத்தனை வருஷம் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லையே!

தவுக்கேயைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், நோன்யாவைப் பார்த்தார், மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தானே போய் நின்று இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரி. நாளையிலேருந்து எல்லாரும் இடதுகை!" என்று உத்தரவு போட்டார்.

ஒருத்தியும் கேட்கவில்லை. பால் என்றால் எங்களுக்குச் சோறு. காலையில் முதல் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷினில் கொடுக்கிறவர்கள் நாங்கள். அதை இடதுகையால் தள்ளு என்றால்? ஒருத்தி வேலையை விட்டே போகிறேன் என்றாள். மண்டோர் நானே முயற்சி பண்ணினேன். மனசு ஒப்பினாலும் கை ஒப்பவில்லை. பால் கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது. தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார்.

நோன்யாதான் முடித்து வைத்தாள். கம்பியைத் தட்டி, "புக்கான் சாலா தாங்கான். சாலா பெசி," என்றாள். கையின் மேல் குற்றம் இல்லை, இரும்பின் மேல்தான் குற்றம்.

ஒன்பது பெண்களின் கையை மாற்றுவதைவிட இரண்டு கம்பியை மாற்றுவது சுலபம் என்று தவுக்கேயும் ஒப்புக்கொண்டார். வெல்டிங் கடைக்காரன் வந்து இரண்டு மெஷினில் கம்பியை இடது பக்கம் கொண்டுவந்தான். மூன்றாவதையும் மாற்றப் போனபோது நோன்யா சத்தம் போட்டுக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். அவளுக்கு அது வலது பக்கம்தானே இருக்க வேண்டும்! அந்த மெஷின் அப்படியே இருந்தது. அதில் வேறு யாரும் நிற்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன்.

ஆறு மாதம் முடிந்து இன்சூரன்ஸ்காரர் வந்த அன்றைக்குத் தவுக்கே நோட்டைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். "இவ்ளோ புள்ளிய அவன் பாத்தா நம்ம கத முடிஞ்சிச்சு," என்றார். நான் எதிரே நின்று கையை நீட்டினேன். வாளியை ஒளிக்கிற வேலை இனி வேண்டாம் தவுக்கே என்றேன். முறைத்துக்கொண்டே சாவியை எடுத்தார். பிறகு திறந்து கொடுத்தார்.

இன்சூரன்ஸ்காரர் நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நின்றபடியே பார்த்தார். ஒவ்வொரு கையாகப் பார்த்தார். தேதி எண்களை விரலால் தொட்டுக்கொண்டு போனார். கம்பி மாறிய நாளுக்குப் பிறகு கத்திக் கீறல் இருந்தது. வழுக்கி விழுந்ததும் இருந்தது. உருளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. இரண்டு வட்டம் மட்டும் இருந்தது. அந்த இரண்டு தடவையும் கம்பி காப்பாற்றியிருந்தது.

"இது யாரும்மா போட்டது?"

"நான்தாங்க. எழுத்து வராது, அதான்."

"எழுத்து வர்றவன் எவனும் எனக்கு இப்படி எழுதிக் குடுத்ததில்ல," என்றார்.

தவுக்கேயிடம் அவர் மூடி மறைக்காமல் சொன்னார். பறிபோன இரண்டு விரலும் முடிந்த வருஷத்துக் கணக்கில்தான் நிற்கும். தொகை உடனே இறங்காது. ஏறவும் ஏறாது. இப்படியே போனால் பழைய கெட்ட வருஷங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போக, அதுவும் இறங்கும். தவுக்கே நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு கொட்டகைக்கு வந்து எங்கள் முன்னால் நின்றார். எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

"என்னா பாக்கிறீங்க? கொட்டகைய மூடல. மெஷினப் போடுங்க!"

நோன்யா சந்தோஷத்தில் கூவினாள். மற்றவர்கள் என்னைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் கொண்டை அவிழ்ந்து போனது. இடையில் வந்துபோன தீபாவளிக்குச் சேலை வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கு அதற்கு முன்பே நஷ்ட ஈடு கைக்கு வந்திருந்தது. அதில் அவள் கூரைக்குத் தகரம் போட்டாள், பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். கொட்டகை நிலைத்தது என்று கேள்விப்பட்ட மறுவாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் அவளே ஆலை வாசலில் வந்து நின்றாள். உருளைப் பக்கம் வேண்டாம், உலர்ந்த ரப்பர்த் தகட்டைத் தரம் பிரிக்கிற மேசையில் மூன்று விரலே போதும் என்றாள். தவுக்கே என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சரி என்று போய்விட்டார்.

நான் நோட்டை எடுத்துப் புதுப்பக்கம் விரித்தேன். அவள் முதலில் இடது கையை வைத்தாள். கோடு இழுத்தேன். பிறகு வலதுகை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் சுண்டுவிரல். நடுவில் பென்சில் குட்டைக் கோடாக இறங்கி ஏறியது.

"சீக்கிரம் முடிஞ்சிருச்சு பாத்தியா? ஒனக்குப் பென்சிலு மிச்சம்," என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மன்னிச்சிருடி," என்றேன். அத்தனை மாதத்தில் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கவில்லை.

அவள் கையை நோட்டிலிருந்து எடுத்து, சேலையில் பென்சில் கரியைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். மேசையில வெளிச்சம் படுற பக்கமா எனக்கு எடம் போட்டுக் குடு," என்றாள்.

மணி அடித்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்தவளை எழுப்பி வேறு இடம் கொடுத்து, அங்கே அவளை உட்கார வைத்தேன்.